ஒட்டடைச் சிலந்தி விஷப் பிராணியா?

பொங்கல் நெருங்கிவிட்டால் வீடுகளில் ஒட்டடை அடிக்கும் வேலை தொடங்கிவிடும். நீண்ட கம்பின் நுனியில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு நீங்களும் பரணுக்கு அருகில் நின்றிருப்பீர்கள். சுவர் மூலையில் தாறுமாறாகப் பின்னிய ஒரு வலை. அதில் தலைகீழாகத் தொங்குகிறது ஒரு பிராணி. நெல்மணி அளவே உள்ள உடல். மயிரிழை போன்ற எட்டு நீளக் கால்கள். துடைப்பம் வலையில் பட்டதும் அது ஓடி ஒளியவில்லை. இருந்த இடத்திலேயே கிடுகிடுவென்று சுழன்று ஆடத் தொடங்குகிறது. ஆட்டத்தின் வேகத்தில் அதன் உருவமே மங்கலாகிப் போகிறது.

“டேய், கையால தொடாதே! எட்டுக்கால் பூச்சி, விஷம்டா!” என்று பாட்டி கூடத்திலிருந்தே குரல் கொடுக்கிறார்.

கல்லூரியில் படிக்கும் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போகிறார். “உலகத்திலேயே விஷம் அதிகமான சிலந்தி இதுதான், தெரியுமா? ஆனா இதோட பல்லு ரொம்பச் சின்னது. நம்ம தோலுக்குள்ள இறங்காது. அதனாலதான் நாம பிழைச்சோம்!”

பாட்டி சொல்வது உண்மையா? அண்ணன் சொல்வது உண்மையா? நாமே ஆராய்ந்து பார்ப்போம், வாருங்கள்.

யார் இந்தச் சிலந்தி?

பேச்சு வழக்கில் ‘எட்டுக்கால் பூச்சி’ என்கிறோம். ஆனால் விலங்கியல்படி இது பூச்சியே அன்று. பூச்சிக்கு ஆறு கால்கள். தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். சிலந்திக்கு எட்டுக் கால்கள். உடல் இரண்டே பகுதிகள். சிறகும் இல்லை, உணர்கொம்பும் இல்லை.

நம் வீட்டு மூலைகளில் சாதாரணமாகக் காணப்படும் நெடுங்கால் சிலந்தியின் விஞ்ஞானப் பெயர் கிராஸோபிரைசா லயோனி. பிளாக்வால் என்ற ஆங்கிலேயர் 1867-ஆம் ஆண்டில் இதை முதன்முதலாக விவரித்தார். இதன் வயிறு பெட்டி போலச் சற்றுச் சதுரமாக இருக்கும்; பின்பக்கம் ஒரு சிறு கூம்பு துருத்திக்கொண்டிருக்கும். கால்களில் சிறு சிறு புள்ளிகள் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் நிலவறைகளில் இதன் நெருங்கிய உறவினரான ஃபோல்கஸ் என்ற சிலந்தி வாழ்கிறது. அண்ணன் சொன்ன கதை, ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்த ஃபோல்கஸைப் பற்றிப் பல ஆண்டுகளாக உலவிவரும் கதைதான்.

மூன்று கேள்விகள்

‘விஷம்’ என்ற ஒரே சொல்லை நாம் பல பொருள்களில் ஆளுகிறோம். நச்சுக்காளானை உண்டால் ஆபத்து. அதன் நஞ்சு வயிற்றின் வழியே செல்கிறது. நல்ல பாம்பின் நஞ்சோ பல்லின் வழியே நம் உடலுக்குள் செலுத்தப்படுகிறது. சிலந்தி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இத்தகைய ஒரு பிராணி நமக்கு ஆபத்தானதா என்று அறிய மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்.

1. அதனிடம் நஞ்சு இருக்கிறதா?
2. அந்த நஞ்சை நம் தோலுக்குள் செலுத்த அதனால் முடியுமா?
3. செலுத்தினால், அது மனித உடலில் என்ன செய்யும்?

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீண் பயம் பிறக்கிறது.

முதல் கேள்விக்கு விடை எளிது. உலகில் இதுவரை 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மிகச் சில நீங்கலாக எல்லாவற்றுக்கும் நச்சுச் சுரப்பி உண்டு. நம் நெடுங்கால் சிலந்திக்கும் உண்டு. ஆகவே பாட்டி சொன்னதில் பாதி சரியே!

பல் சின்னதுதான், ஆனால்...

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஃபோல்கஸ் சிலந்தியின் நச்சுப் பல் சுமார் கால் மில்லிமீட்டர் நீளமே உள்ளது. ஆனால் நமது தோலின் மேலடுக்கு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். எனவே மெல்லிய தோலுள்ள இடத்தில் இந்தப் பல் உள்ளே இறங்குவது சாத்தியமே. மேலும், அமெரிக்காவில் உண்மையிலேயே ஆபத்தான பழுப்புச் சிலந்தி ஒன்று இருக்கிறது. அதன் பல்லின் அமைப்பும் ஏறத்தாழ இதே போன்றதுதான். அது மனிதரைக் கடிக்கத்தான் செய்கிறது.

2004-ஆம் ஆண்டில் ‘மித்பஸ்டர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நிகழ்ச்சியை நடத்தியவர்களுள் ஒருவரான ஆடம் சாவேஜ், நெடுங்கால் சிலந்திகள் நிறைந்த குழாய்க்குள் தம் கையை நுழைத்தார். சிலந்தி கடித்தது. என்ன நடந்தது? சிறிது நேரம் லேசான எரிச்சல். அவ்வளவுதான்!

ஆக, ‘பல் இறங்காது’ என்ற அண்ணனின் வாதம் தவறு. பல் இறங்குகிறது; ஆனாலும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் நாம் பிழைத்திருப்பதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

‘உலகிலேயே கொடிய விஷம்’ என்று பலரும் சொல்லிவந்தார்களே ஒழிய, இக்குடும்பச் சிலந்திகளின் நஞ்சை யாரும் நெடுங்காலம் முறையாகப் பகுத்துப் பார்க்கவில்லை. 2019-ஆம் ஆண்டில்தான் விரிவான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஃபைசோசைக்ளஸ் மெக்சிகானஸ் என்ற நெடுங்கால் சிலந்தியின் நஞ்சைச் சேகரித்து, அதிலுள்ள புரதங்களை ஆராய்ந்தார்கள். அதைச் சுவர்க்கோழிகளின் உடலில் செலுத்திப் பார்த்தார்கள். சுவர்க்கோழிகள் செயலிழந்து போயின. அதற்குத் தேவைப்பட்ட நஞ்சின் அளவு, சுவர்க்கோழியின் எடையில் ஒரு கிராமுக்கு 3.9 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது பென்சிலை எடுங்கள். இந்த நஞ்சு சுவர்க்கோழியைப் பாதிக்கும் அதே கடுமையுடன் மனிதனையும் பாதிக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் எடை 40 கிலோகிராம். அதாவது 40,000 கிராம். 40,000-ஐ 3.9-ஆல் பெருக்கினால் 1,56,000 மைக்ரோகிராம். அதாவது 156 மில்லிகிராம். நம் வீட்டு நெடுங்கால் சிலந்தியை முழுதாகத் தராசில் வைத்தாலும் அவ்வளவு எடை தேறாது! அதன் உடலுக்குள் இருக்கும் நச்சுச் சுரப்பிகள் எம்மாத்திரம்?

அந்த ஆராய்ச்சியாளர்கள் மனிதர்களைக் கடித்த சம்பவங்களையும் தொகுத்துப் பார்த்தார்கள். லேசான சுருக்கென்ற வலியைத் தவிர நீடித்த விளைவு எதுவும் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

பூட்டும் சாவியும்

கணக்கோடு இந்த விஷயம் முடிந்துவிடவில்லை. இன்னும் சுவையான செய்தி இருக்கிறது.

நஞ்சு என்பது எல்லாப் பூட்டையும் உடைக்கும் சம்மட்டி அன்று. குறிப்பிட்ட பூட்டைத் திறக்கும் சாவி போன்றது. நமது நரம்புச் செல்களின் மேற்பரப்பில் மிக நுண்ணிய வாயில்கள் உள்ளன. சோடியம் போன்ற அயனிகள் அவற்றின் வழியே உள்ளே நுழையும்போதுதான் நரம்பில் செய்தி பாய்கிறது. பல சிலந்திகளின் நச்சுப் புரதங்கள் இந்த வாயில்களில் போய் ஒட்டிக்கொண்டு, அவற்றைத் திறந்தபடியோ மூடியபடியோ நிறுத்திவிடுகின்றன. ஆனால் பூச்சியின் நரம்பு வாயிலும் மனிதனின் நரம்பு வாயிலும் அமைப்பில் ஒன்றல்ல. ஒன்றுக்குப் பொருந்தும் சாவி மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டுமென்பதில்லை.

இதற்குச் சிறந்த சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. சிட்னி நகரின் சுற்றுப்புறங்களில் புனல்வலைச் சிலந்தி என்ற கரிய சிலந்தி வாழ்கிறது. இதன் ஆண் சிலந்தி கடித்து 13 பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. மனிதனுக்கும் குரங்குக்கும் இதன் நஞ்சு எமன். ஆனால் அதே நஞ்சு முயலையும் நாயையும் பூனையையும் பெரிதாகப் பாதிப்பதில்லை! ஸ்ட்ருவன் சதர்லேண்ட் என்ற மருத்துவ விஞ்ஞானி இந்த வேற்றுமையையே நன்மைக்குப் பயன்படுத்திக்கொண்டார். மெல்போர்னில் முயல்களுக்கு இந்த நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மாற்று மருந்து தயாரித்தார். 1981-ஆம் ஆண்டில் அம்மருந்து பயனுக்கு வந்தது. அதன்பின் இச்சிலந்தி கடித்து ஒருவர்கூட இறந்ததாகப் பதிவில்லை.

எனவே ‘இது விஷமா?’ என்ற கேள்வி அரைக் கேள்விதான். ‘யாருக்கு விஷம்?’ என்று கேட்டால்தான் கேள்வி முழுமையாகும். நெடுங்கால் சிலந்தியின் சாவி பூச்சிகளின் பூட்டுக்காக உருவானது. அது உண்பது பூச்சிகளையும் பிற சிலந்திகளையும்தான். உங்களைத் தின்ன வேண்டிய தேவை அதற்கு இல்லை.

அப்படியானால் ‘உலகிலேயே கொடியது’ என்ற கதை எப்படிப் பிறந்தது? இதற்கும் ஒரு விளக்கம் கூறுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மனிதருக்கு ஆபத்தான செம்முதுகுச் சிலந்தியை இந்த ஒல்லிப்பிச்சான் சிலந்தி கொன்று தின்பதை மக்கள் கண்டார்கள். ‘அவ்வளவு கொடியதையே கொல்கிறதென்றால் இதன் விஷம் அதைவிடக் கொடியதாகத்தானே இருக்கவேண்டும்!’ என்று முடிவு கட்டினார்கள். உண்மையில் அதன் வெற்றிக்குக் காரணம் நீளக் கால்கள். எதிரியின் பல் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, பின்னங்கால்களால் நூலை வாரி வாரி வீசி எதிரியைக் கட்டிவிடுகிறது. கட்டுண்ட பிறகே கடிக்கிறது.

மற்ற நெடுங்கால்கள்

மூன்று கேள்விகளையும் வீட்டுக்கு வரும் வேறு சில நெடுங்கால் பிராணிகளிடமும் கேட்டுப் பார்ப்போமா?

மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றிப் பெரிய கொசு போன்ற ஒன்று தள்ளாடிப் பறக்கும். தொட்டால் கால் கழன்று கையோடு வரும். இது கொசு அன்று. கொசுவுக்கு உறவான ஈ வகை. இதற்கு நஞ்சும் இல்லை, கொடுக்கும் இல்லை, இரத்தம் குடிக்கும் குழலும் இல்லை. முதல் கேள்வியிலேயே விடுதலை.

தோட்டத்து ஈரமான இடங்களிலும் காடுகளிலும், உருண்டை உடலும் நூல் போன்ற எட்டுக் கால்களும் கொண்ட ஒரு பிராணியைக் காணலாம். சிலந்தி போலத் தோன்றினாலும் இது வேறு வரிசையைச் சேர்ந்தது. உடல் இரண்டாகப் பிரியாமல் ஒரே உருண்டையாக இருக்கும், வலை பின்னாது. இதற்கு நச்சுச் சுரப்பியே கிடையாது.

குளியலறைச் சுவரில் மின்னல் போல ஓடும் நெடுங்கால் பூரானுக்கு 15 இணைக் கால்கள். அதன் முன்பகுதியில் நச்சுக் கொடுக்குகள் உண்டு. அது மனிதரைக் கடிப்பது அரிது. கடித்தால் சற்று வலிக்கும், வீங்கும். தரையில் ஊரும் தடித்த பூரானின் கடியோ மிகுந்த வலி தரும். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

உள்ளங்கை அளவுக்குக் கால்களை விரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டையான பழுப்புச் சிலந்தியையும் பார்த்திருப்பீர்கள். அது வலை பின்னுவதில்லை. கரப்பான்களை ஓடிப் பிடித்துத் தின்னும். கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கும். கடித்த இடம் வலிக்கும், பிறகு சரியாகிவிடும்.

இதனால் எல்லாச் சிலந்திகளும் சாதுக்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் மயிரடர்ந்த பெரிய சிலந்திகள் கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும். அடையாளம் தெரியாத எந்தச் சிலந்தியையும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். கடித்த பின் வலி பரவினாலோ, தசை இழுத்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

“சிலந்தி மேலே ஊர்ந்துவிட்டது, அதனால்தான் இந்தத் தடிப்பு” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலந்தி ஊர்வதால் தோலில் கொப்புளம் வராது. அப்படியானால் அந்தக் கொப்புளம் எங்கிருந்து வந்தது?

ஒரு குற்றவாளி ஒரு சிறு வண்டு. எறும்பைப் போல நீண்ட உடலில் செம்மஞ்சளும் கருப்பும் மாறி மாறிப் பட்டைகளாக இருக்கும். மழைக்கால இரவுகளில் விளக்கை நாடி வரும். இது கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. ஆனால் கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் நசுக்கிவிட்டால், இதன் உடலிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் படுகிறது. ஓரிரு நாளில் சூடு போட்டதுபோல நீளவாட்டில் கொப்புளம் கிளம்புகிறது. ஆங்கிலத்தில்கூடச் சிலர் இதைச் ‘சிலந்தி நக்கியது’ என்றே அழைக்கிறார்கள்! வண்டை நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவதே தகுந்த வழி.

இன்னொரு குற்றவாளி அக்கி. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போலக் கொப்புளங்கள் தோன்றிக் கடுமையாக எரியும். சிறு வயதில் சின்னம்மை உண்டாக்கிய அதே வைரஸ் பல ஆண்டுகள் நரம்பில் பதுங்கியிருந்து மீண்டும் கிளம்புவதே இந்நோய். இதற்கு மருந்து உண்டு. கொப்புளம் தோன்றி மூன்று நாட்களுக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. ‘சிலந்திக் கடிதானே, தானாக ஆறிவிடும்’ என்று காத்திருந்தால் அந்த மூன்று நாட்களும் வீணாகிவிடும். தவறான பழியால் சிலந்திக்கு மட்டுமல்ல, நோயாளிக்கும் நஷ்டம்.

மூன்றாவது, நம் மொழியிலேயே ஒளிந்திருக்கிறது. தமிழில் ‘சிலந்தி’ என்ற சொல்லுக்குக் கட்டி, கொப்புளம் என்ற பொருளும் உண்டு. முன்பு கிராமங்களை வாட்டிய ‘நரம்புச் சிலந்தி’ நோய்க்கும் எட்டுக்கால் சிலந்திக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கால் கொப்புளத்திலிருந்து நூல் போல நீண்ட புழு ஒன்று வெளிவரும். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அதன் இளம்புழுக்களைத் தாங்கிய நுண்ணிய நீர்ப்பிராணிகளைக் குடிநீரோடு விழுங்குவதால் இந்நோய் வந்தது. காரணம் தண்ணீர் என்று அறிந்த பிறகு, நீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும் படிக்கிணறுகளை மாற்றியமைக்கவும் மக்கள் கற்றார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சரியான காரணத்தைக் கண்டுபிடித்தால் ஒரு நோயையே விரட்டிவிடலாம்!

உண்மையான எதிரி

வீட்டிலுள்ள நெடுங்கால் பிராணிகளில் மனிதனுக்கு மிக ஆபத்தானது ஒன்று உண்டு. அது எதுவென்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். ஆம், கொசுதான்!

கொசுவின் உமிழ்நீர் நமக்கு அரிப்பைத்தான் தருகிறது; அதனால் யாரும் இறப்பதில்லை. ஆனால் அந்த உமிழ்நீரோடு நோய்க்கிருமிகள் நம் இரத்தத்தில் கலக்கின்றன. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில், ரொனால்ட் ராஸ் அனோஃபிலஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டறிந்தார். 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. டெங்குவும் சிக்குன்குனியாவும் வேறு!

இந்தக் கொசுவைப் பிடித்துத் தின்பது யார் தெரியுமா? நீங்கள் துடைப்பத்தால் விரட்டும் அதே நெடுங்கால் சிலந்தி! தாய்லாந்து நாட்டில் கிராஸோபிரைசா லயோனியின் வாழ்க்கையை ஆராய்ந்து, டெங்குவைப் பரப்பும் கொசுக்களை அது உண்பதை 1997-இல் வெளியிட்டார்கள். சிலந்தியை நம்பி மட்டும் டெங்குவை ஒழித்துவிட முடியாது. தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்ப்பதே முதல் வேலை. ஆனாலும் கூலி கேட்காத ஒரு காவல்காரனை ஏன் கொல்ல வேண்டும்?

நீங்களே செய்து பாருங்கள்

ஒட்டடை அடிக்கும்போது ஒரே ஒரு மூலையை மட்டும் விட்டுவையுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி அனுமதி பெறுங்கள். வலைக்கு நேர் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். ஒரு வாரம், நாள்தோறும் அதே நேரத்தில் தாளில் விழுந்துள்ள பூச்சிகளின் சக்கைகளை எண்ணி நோட்டில் குறியுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் அவற்றில் கொசு எத்தனை, ஈ எத்தனை, எறும்பு எத்தனை என்று பிரித்துப் பாருங்கள்.

ஓர் ஈர்க்குச்சியால் வலையின் ஓரத்தை மெல்லத் தொடுங்கள். சிலந்தி எத்தனை விநாடி ஆடுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். வாயருகே சிறு உருண்டை ஒன்றைக் கவ்வியபடி ஒரு சிலந்தி நின்றால், அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். அது தாய்ச் சிலந்தி. சில நூல்களால் கட்டிய தன் முட்டைகளைப் பொரியும்வரை வாயில் சுமந்துகொண்டே நிற்கிறது.

வாரக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தைப் பாட்டியிடமும் அண்ணனிடமும் காட்டுங்கள். ‘இது விஷமா?’ என்று அவர்கள் மறுபடி கேட்டால், ‘விஷம்தான், ஆனால் கொசுவுக்கு!’ என்று சொல்லுங்கள்.